வாசலிலேயே நின்ற பூனை: பிரெக்ஸிட் குழப்பம், முதலிலிருந்து

2019 மார்ச்சில் பிரான்ஸின் ஐரோப்பிய விவகார அமைச்சராக இருந்த நதாலி லுவாசோ ஒரு கதை சொன்னார். தன் பூனைக்கு பிரெக்ஸிட் என்று பெயர் வைத்திருக்கிறாராம். வெளியே போக வேண்டும் என்று தினமும் காலையில் கத்திக் கத்தி எழுப்புமாம். எழுந்து போய்க் கதவைத் திறந்தால், போவதா இருப்பதா என்று வாசற்படியிலேயே நிற்குமாம். தூக்கி வெளியே விட்டால் முறைக்குமாம். ஊரே சிரித்தது. அப்புறம்தான் தெரிந்தது, அவரிடம் பூனையே கிடையாது, எல்லாம் கிண்டல்.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற பிரிட்டன் திண்டாடிய அந்தக் காலத்தில் இப்படி எத்தனையோ கேலிகள் வந்தன. கூடவே ஒரு கேள்வியும் சுற்றிக்கொண்டே இருந்தது, இன்றும் பிரெக்ஸிட் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "ஜனங்கள் ஓட்டுப் போட்டாயிற்று, விலகு என்று சொல்லியாயிற்று, மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே, அதற்கு ஏன் மூன்றரை வருடம்?" இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் "அரசியல்வாதிகள் இழுத்தடித்தார்கள்" என்பதுதான். இழுத்தடித்தார்கள், உண்மை. ஆனால் அந்தப் பூனை வாசலில் நின்றதற்கு வேறு காரணமும் உண்டு. வெளியே போ என்று சொன்னவர்கள் எங்கே போக வேண்டும் என்று சொல்லவில்லை. குழப்பம் முழுவதும் இந்த ஓர் இடத்திலிருந்து கிளம்பியதுதான்.

எதை விட்டு வெளியேறினார்கள்?

பிரிட்டனையும் வெளியேறுதலைக் குறிக்கும் 'எக்ஸிட்' என்ற சொல்லையும் ஒட்டிப் பிறந்ததுதான் பிரெக்ஸிட். வெளியேறியது ஐரோப்பாவை விட்டு அல்ல, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு. பல நாடுகள் சேர்ந்து, சில விஷயங்களில் ஒரே சட்டம் வைத்துக்கொள்வோம் என்று ஒப்பந்தம் போட்டு நடத்தும் சங்கம் அது. அப்போது அதில் 28 உறுப்பு நாடுகள். பிரிட்டன் அதன் முந்தைய வடிவத்தில் 1973 ஜனவரி 1 அன்று சேர்ந்தது. யூரோ நாணயத்தை அது எடுத்துக்கொள்ளவே இல்லை. ஆகவே "பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பவுண்டுக்குத் திரும்பினார்கள்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பவுண்டு எங்கும் போகவில்லை.

இந்த ஒன்றியத்தில் இரண்டு ஏற்பாடுகளை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒரே காம்பவுண்டுக்குள் இருபத்தெட்டு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் சாமானுக்கு எந்த வாசல் வழியாக வந்தாலும் ஒரே கட்டணம். ஒருமுறை கட்டிவிட்டால் அப்புறம் எந்த வீட்டுக்குக் கொண்டுபோனாலும் யாரும் கேட்கமாட்டார்கள். இதன் பெயர் சுங்க ஒன்றியம். இதற்கு மேல், எந்த வீட்டில் செய்த பண்டமானாலும் ஒரே தரவிதிப்படி செய்ய வேண்டும், யாரும் எந்த வீட்டிலும் போய் வேலை பார்க்கலாம், குடியேறலாம், கடை போடலாம் என்பது இன்னோர் ஏற்பாடு. அது ஒற்றைச் சந்தை. பேச்சில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள், பிரிட்டனில் எம்பிக்களே அதைத்தான் செய்தார்கள். வரி சம்பந்தப்பட்டது சுங்க ஒன்றியம். தரமும் ஆள் நடமாட்டமும் சம்பந்தப்பட்டது ஒற்றைச் சந்தை. வரியே இல்லாவிட்டாலும், தரவிதி வேறு வேறு என்றால் எல்லையில் லாரியை நிறுத்தித் திறந்து பார்த்தாக வேண்டும். பின்னால் வரப்போகும் தலைவலிக்கெல்லாம் இந்த ஒரு லாரிதான் காரணம்.

தனிக்குடித்தனம் சரி, எங்கே?

2016 ஜூன் 23 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. அதாவது ஒரு கேள்வியை நேரடியாக மக்கள் முன் வைத்துப் பதில் கேட்பது. ஒன்றியத்தில் தொடர்வதா, விலகுவதா, இரண்டே கட்டம். விலகலுக்கு 51.9%, தொடர்வதற்கு 48.1%. இங்கிலாந்தும் வேல்ஸும் விலகு என்றன. ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் இரு என்றன. மறுநாள் காலையில் பிரதமர் டேவிட் கேமரன் பதவி விலகப்போவதாக அறிவித்தார். கேள்வியைக் கேட்டவர் பதிலோடு மல்லுக்கட்டும் வேலையை அடுத்தவரிடம் விட்டுவிட்டுப் போனார்.

இந்த வாக்கெடுப்பில் யார் வாக்களித்தார்கள் என்பதிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு வாக்கு உண்டு. ஆகவே இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ வைத்துக்கொண்டு அங்கே வசித்த தமிழர் இதில் ஓட்டுப் போடலாம். இருபது வருடமாக அங்கேயே இருந்த ஜெர்மன்காரருக்கோ போலந்துக்காரருக்கோ வாக்கு இல்லை. யாருடைய தலையெழுத்து அதிகம் மாறப்போகிறதோ அவர்களை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் கூட்டம் நடந்தது.

சரி, கேள்விக்கு வருவோம். கூட்டுக் குடும்பத்தில் மூத்த மருமகள் தனிக்குடித்தனம் கேட்கிறாள், வீடு கூடி "சரி, போங்கள்" என்று சொல்லிவிடுகிறது. எங்கே போவது? மாடிக்கா? மாடிக்குப் போனால் அடுப்பு தனி, ஆனால் தண்ணீர், கரண்ட், வாசல் எல்லாம் பொது, மாமியார் வைத்த நேரத்துக்குத்தான் கதவு பூட்டப்படும். அடுத்த தெருவுக்கா? வெளியூருக்கா? மூன்றுக்கும் பெயர் தனிக்குடித்தனம்தான். பிரெக்ஸிட்டும் அப்படித்தான் இருந்தது. நார்வே ஒன்றியத்தின் உறுப்பினர் இல்லை, ஆனால் ஒற்றைச் சந்தையில் இருக்கிறது. அதற்காகப் பணமும் கட்டுகிறது, விதிகளுக்கும் கட்டுப்படுகிறது, அந்த விதிகளை எழுதும்போது வாக்களிக்கும் உரிமை மட்டும் கிடையாது. இது மாடி. கனடா தூரத்தில் இருந்துகொண்டு வர்த்தக ஒப்பந்தம் போட்டிருக்கிறது. பெரும்பாலான பொருள்களுக்கு வரி இல்லை, ஆனால் எல்லையில் சோதனை உண்டு. இது அடுத்த தெரு. எந்த ஒப்பந்தமும் இல்லாமல் நடுராத்திரியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது மூன்றாவது வகை. அதை 'நோ டீல்' என்றார்கள்.

விலகு என்று வாக்களித்த 1 கோடியே 74 லட்சம் பேரில் மாடியை நினைத்தவரும் இருந்தார், வெளியூரை நினைத்தவரும் இருந்தார். வாக்குச்சீட்டில் அதைச் சொல்ல இடமில்லை. புதிய பிரதமர் தெரசா மே, "பிரெக்ஸிட் என்றால் பிரெக்ஸிட்தான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி நன்றாகவே கேலி வாங்கினார். இட்லி என்றால் என்ன என்று கேட்டவனுக்கு இட்லி என்றால் இட்லிதான் என்று சொன்ன மாதிரி. ஆனால் அவரால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? எந்த வகை என்று வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே அவருடைய கன்சர்வேடிவ் கட்சி உடைந்திருக்கும். நான் அந்த வாக்கியத்தை உளறல் என்று நினைத்ததில்லை, அது கவனமாகச் செய்த மௌனம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: 'வெளியே' என்று முடிவாயிற்று. சுங்க ஒன்றியத்துக்கு வெளியேயா, ஒற்றைச் சந்தைக்கு வெளியேயா, இரண்டுக்குமா என்று முடிவாகவில்லை. முடிவாகாமலேயே கடிகாரத்தைத் தட்டிவிட்டார்கள்.

கடிகாரம்

ஒன்றியத்தின் ஒப்பந்தத்தில் 50-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஐந்தே பத்திதான். உறுப்பு நாடு விலக நினைத்தால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தெரிவித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு, அதற்குள் பேசி ஒப்பந்தம் போட்டால் நல்லது, போடாவிட்டாலும் இரண்டு ஆண்டு முடிந்ததும் உறுப்பினர் பதவி தானாகப் போய்விடும்.

அந்தத் 'தானாக'வைத்தான் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்வதாக நோட்டீஸ் கொடுக்கிறீர்கள். தேதி வந்ததும் சாவியைக் கொடுத்தாக வேண்டும், புது வீடு கிடைத்ததா இல்லையா என்பது வீட்டுக்காரருக்கு ஒரு பொருட்டே அல்ல. கூடுதல் அவகாசம் வேண்டுமானால் அவர் சம்மதிக்க வேண்டும், இங்கே வீட்டுக்காரர்கள் இருபத்தேழு பேர், அத்தனை பேரும் சரி என்றால்தான் அவகாசம். நோட்டீஸையே திரும்பப் பெறுவதற்கு மட்டும் யார் சம்மதமும் தேவையில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பு சொன்னது. திரும்பப் பெறுங்கள் என்று கேட்ட இணைய மனுவில் 60 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது, ஆனால் எந்தப் பிரதமருக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லை.

தெரசா மே 2017 மார்ச் 29 அன்று நோட்டீஸ் கொடுத்தார். ஆகவே கடைசி நாள் 2019 மார்ச் 29. நோட்டீஸைக் கொடுத்த கையோடு, பெரும்பான்மையைக் கூட்டிக்கொள்ளலாம் என்று அதே ஜூனில் தேர்தல் வைத்தார். இருந்த பெரும்பான்மையும் போயிற்று. 650 இடங்களில் 317 மட்டுமே கிடைத்ததால், வட அயர்லாந்தின் டியூபி என்ற சிறு கட்சியின் 10 எம்பிக்களைப் பிடித்துக்கொண்டுதான் ஆட்சி நடத்த வேண்டியிருந்தது. அந்தப் பத்துப் பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்ட முடியாத கதவு

பிரெக்ஸிட் பற்றிய விவாதங்களில் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்ட பகுதி இது, முடிச்சு முழுவதும் இருப்பதும் இங்கேதான். அயர்லாந்து ஒரே தீவு, இரண்டு நாடு. தெற்கே உள்ள அயர்லாந்துக் குடியரசு ஒன்றிய உறுப்பினர். வடக்கே உள்ள வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. நடுவில் சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, அதைக் கடக்க 200-க்கும் மேற்பட்ட சாலைகள். வட அயர்லாந்து பிரிட்டனோடு இருப்பதா அயர்லாந்தோடு சேர்வதா என்ற சண்டையில் முப்பது ஆண்டுகளில் சுமார் 3,500 பேர் செத்தார்கள். 1998-இல் புனித வெள்ளி உடன்படிக்கை என்ற சமாதான ஒப்பந்தம் வந்தபின், எல்லையில் இருந்த ராணுவக் காவல்கோபுரங்களை இறக்கினார்கள். இன்று அந்த எல்லையைக் காரில் கடந்தால் கடந்ததே தெரியாது. வேகப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறும், அவ்வளவுதான்.

இப்போது அந்த லாரியை மறுபடி வரவழைப்போம். பிரிட்டன் சுங்க ஒன்றியத்தையும் ஒற்றைச் சந்தையையும் விட்டுப் போகிறது. அப்படியானால் ஒன்றியத்தின் வெளிவாசல் இந்த 500 கிலோமீட்டர்தான், அங்கே லாரியை நிறுத்திப் பார்த்தாக வேண்டும். நிறுத்த ஒரு சாவடி, சாவடிக்குக் காவல், காவலுக்குக் குறி வைக்க ஒரு துப்பாக்கி என்று பழைய கதை திரும்பும் என்ற பயம் வெறும் கற்பனை அல்ல. சரி, அங்கே வேண்டாம், வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்ற பகுதிக்கும் இடையே கடலில் சோதிக்கலாம் என்றால், "எங்களை வேற்று நாடாக்குகிறீர்களா" என்று அந்தப் பத்து எம்பிக்கள் கொதிப்பார்கள். அதுவும் வேண்டாம் என்றால் மொத்த பிரிட்டனும் சுங்க ஒன்றியத்திலேயே இருக்க வேண்டும். அப்படியானால் விலகல் எதற்கு?

நிலத்தில் சோதனை கூடாது, கடலில் சோதனை கூடாது, ஒன்றியத்தின் விதியும் கூடாது. மூன்றில் ஏதாவது இரண்டைத்தான் வைத்துக்கொள்ள முடியும். தெரசா மே மூன்றையும் தருவதாகச் சொல்லியிருந்தார். கடைசியில் அவர் கொண்டுவந்த 585 பக்க விலகல் ஒப்பந்தத்தில் 'பேக்ஸ்டாப்' என்று ஓர் ஏற்பாடு இருந்தது: வேறு வழி கண்டுபிடிக்கும்வரை மொத்த பிரிட்டனும் ஒன்றியத்தோடு ஒரே சுங்கப் பகுதியாகவே இருக்கும். கண்டுபிடிக்காவிட்டால்? அதுவரைக்கும் அப்படியேதான். விலகல் தீவிரர்கள் இதைப் பொறி என்றார்கள், டியூபியும் எதிர்த்தது.

சுருக்கமாக: எல்லாரும் எதிர்த்தது பேக்ஸ்டாப்பை, ஆனால் பேக்ஸ்டாப் வெளிப்படுத்தியது மூன்று வாக்குறுதிகள் ஒன்றோடொன்று ஒட்டாது என்ற கணக்கைத்தான்.

எதைக் கேட்டாலும் ஏன் 'வேண்டாம்'?

2019 ஜனவரி 15 அன்று அந்த ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் 432-க்கு 202 என்று தோற்றது. நவீன பிரிட்டிஷ் வரலாற்றில் எந்த அரசும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் தோற்றதில்லை. மார்ச் 12 அன்று மறுபடி தோல்வி. மார்ச் 18 அன்று சபாநாயகர் ஜான் பெர்கோ, ஒரே கேள்வியை ஒரே கூட்டத்தொடரில் திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது என்று 1604-ஆம் ஆண்டு வழக்கத்தைத் தூசி தட்டி எடுத்துப் போட்டார். மார்ச் 29 அன்று கொஞ்சம் மாற்றி மூன்றாம் முறை வைத்தார்கள், மூன்றாவது தோல்வி.

உங்களுக்கு எதுதான் வேண்டும் என்று எம்பிக்களையே கேட்டுப் பார்ப்போம் என்று மார்ச் 27 அன்று எட்டு யோசனைகளை வாக்குக்கு விட்டார்கள். எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று நான்கு, நான்கும் தோற்றன. சுங்க ஒன்றியத்தில் இருக்கலாம் என்பது மட்டும் மூன்றே வாக்கில் போனது. முட்டாள்கள் தினத்தில் இப்படி நடந்ததால் கேலிக்குக் கேட்கவே வேண்டாம்.

பார்ப்பதற்குப் பைத்தியக்காரத்தனம். ஆனால் பத்து நண்பர்கள் சாப்பிடப் போகிறார்கள் என்று யோசியுங்கள். நாலு பேருக்கு பிரியாணி, மூன்று பேருக்கு தோசை, மூன்று பேருக்கு பரோட்டா. பிரியாணியா என்று கேட்டால் ஆறு பேர் வேண்டாம். தோசையா, ஏழு பேர் வேண்டாம். பரோட்டாவும் அப்படியே. ஒவ்வொருவரும் தெளிவாகத்தான் இருக்கிறார், கூட்டமாகச் சேர்ந்தால்தான் எதற்கும் பெரும்பான்மை இல்லை. இதோடு ஒன்றைச் சேருங்கள்: தான் கேட்டது கிடைக்க, கூட இருப்பவர்கள் பசியில் களைக்கும்வரை காத்திருந்தால் போதும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். மேயின் ஒப்பந்தம் செத்தால் முழு விலகல் கிடைக்கும் என்று ஒரு சாராரும், விலகலே நின்றுவிடும் என்று இன்னொரு சாராரும் சேர்ந்துதான் அதற்கு எதிராக வாக்களித்தார்கள். இரண்டு பேரும் சரியாக இருக்க முடியாது, ஆனால் வாக்கு ஒரே பக்கம் விழுந்தது.

எட்டு யோசனைகளில் ஒன்றாக நோ டீலையும் தோற்கடித்தார்களே, அப்புறம் ஏன் அந்தப் பயம் தொடர்ந்தது என்று கேட்கலாம். பசித்த பத்துப் பேர் "பட்டினி வேண்டாம்" என்று தீர்மானம் போட்டால் சாப்பாடு வந்துவிடுமா? ஓட்டலை மூடும் நேரம் அப்படியேதான் இருக்கிறது. எதையாவது ஆர்டர் செய்ய வேண்டும், இல்லை ஓட்டல்காரரிடம் இன்னும் அரைமணி கேட்க வேண்டும். மே கேட்டார். முதலில் ஏப்ரல் 12, அப்புறம் அக்டோபர் 31. பூனை வாசலில் நின்றது இந்த மாதங்களில்தான். நடுவில், விலகப்போகும் நாடு மே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலையும் நடத்தி முடித்தது. அடுத்த நாளே பதவி விலகலை அறிவித்தார் மே.

ஜான்சனும் நாணயமும்

ஜூலையில் பிரதமராக வந்த போரிஸ் ஜான்சன், செத்தாலும் பிழைத்தாலும் அக்டோபர் 31 அன்று வெளியேறுவோம் என்றார். நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கினார், செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒரே குரலில் அது சட்டவிரோதம் என்றார்கள். ஒப்பந்தம் நிறைவேறாவிட்டால் அவகாசம் கேட்டுக் கடிதம் எழுதியே ஆக வேண்டும் என்று எம்பிக்கள் அவருக்குச் சட்டம் போட்டார்கள். அவர் எழுதினார், கையெழுத்துப் போடாமல். கூடவே, தாமதம் தப்பு என்று இன்னொரு கடிதம், அதில் மட்டும் கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னால் பையன் செய்யும் வேலை. ஆனால் சட்டப்படி அது செல்லுபடியானது, அவகாசமும் கிடைத்தது. அக்டோபர் 31 என்று தேதி பொறித்து அடித்திருந்த 50 பென்ஸ் நினைவு நாணயங்கள் சுமார் 10 லட்சத்தை உருக்க வேண்டியதாயிற்று.

கேலியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஜான்சன் இரண்டே காரியம் செய்தார். மூன்று வாக்குறுதியில் ஒன்றைக் கைவிட்டார்: சோதனை கடலில் நடக்கட்டும். 2018 நவம்பரில் டியூபி மாநாட்டுக்கே போய், எந்த கன்சர்வேடிவ் அரசும் இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பேசியவர் இவர்தான். அடுத்து டிசம்பர் 12 தேர்தலில் 80 இடப் பெரும்பான்மை பெற்றார். இனி அந்தப் பத்துப் பேர் கோபித்துக்கொண்டாலும் ஆட்சிக்கு ஒன்றும் ஆகாது. முடிச்சை அவர் அவிழ்க்கவில்லை, யார் கழுத்தில் இறுகினால் தனக்குச் சேதம் குறைவு என்று பார்த்துக் கட்டினார்.

2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு பிரிட்டன் வெளியேறியது. ஏன் பதினொன்று? ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸில் அப்போதுதான் பன்னிரண்டு. வெளியேறும் நேரம்கூட ஒன்றியத்தின் கடிகாரப்படிதான். பிக் பென் மணி பழுதுபார்ப்பில் இருந்ததால், ஒலிப்பதிவைப் போட்டு மணியடித்துக்கொண்டார்கள்.

போனபின்பு

மறுநாள் காலையில் ஒன்றும் மாறவில்லை. 2020 டிசம்பர் 31 வரை பழைய விதிகளே தொடரும் என்று இடைமாற்றக் காலம் ஒன்று வைத்திருந்தார்கள். வர்த்தக ஒப்பந்தம் டிசம்பர் 24 அன்று, ஒரு வாரம் மிச்சமிருக்கும்போது முடிந்தது. அது கிட்டத்தட்ட கனடா மாதிரி, அடுத்த தெரு.

ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், பிரான்ஸ் என்று தஞ்சம் புகுந்து, அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி, அப்புறம் பிள்ளைகளின் படிப்பு, கோயில், சொந்தபந்தம் என்று லண்டனுக்கு மாறிய ஈழத்தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. ஒற்றைச் சந்தையின் நடமாட்ட உரிமைதான் அவர்களை அங்கே கொண்டுவந்தது. அந்த உரிமை முடிந்ததால், ஏற்கெனவே பிரிட்டனில் இருந்தவர்கள் தொடர்ந்து இருக்க 2021 ஜூன் 30-க்குள் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பின்னால் அதே வழியில் வர நினைத்தவர்கள் இப்போது மற்றவர்களைப் போல விசா கேட்க வேண்டும்.

கடலில் வைத்த சோதனையோ வட அயர்லாந்தில் பெரும் புகைச்சலைக் கிளப்பியது. 2023 பிப்ரவரியில் வின்ட்சர் ஏற்பாடு என்று புதிதாகப் பேசி முடித்தார்கள். வட அயர்லாந்துக் கடைகளோடு நின்றுவிடும் சரக்குக்கு ஒரு வழி, தெற்கே போய்விடக்கூடிய சரக்குக்கு வேறு வழி. முதல் வழியில் போகும் இறைச்சி, பால் பொட்டலங்களில் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சிட வேண்டும். வட அயர்லாந்துக்கு என்று தனி உறை அடிப்பது பல கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை, ஆகவே எல்லா உறையிலும் அதையே அடித்துவிட்டார்கள். அதனால் எந்த எல்லைக்கும் போகாமல், லண்டன் சூப்பர் மார்க்கெட்டின் குளிர்பெட்டியிலிருந்து பக்கத்துத் தெரு வீட்டுக்குப் போகும் பாலாடைக்கட்டியிலும் அந்த வாசகம் இருக்கும்.